ஒரு நாள் மலையேற்றம்: செலவுக்குத் தக்கதா?

வங்கிக்கு வருவோர் வைப்புத்தொகை, கடன், காசோலை ஆகியவை பற்றி மட்டுமே வினவுவர் என்று எண்ணுதல் தவறு. மகளின் கல்லூரித் தேர்வு முதல் வீட்டுக்கு வாங்கும் குளிர்சாதனப் பெட்டி வரை, பணம் தொடர்புடைய எந்த முடிவாயினும் வங்கி அலுவலரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் செல்லும் வாடிக்கையாளர்கள் எல்லாக் கிளைகளிலும் உள்ளனர். மங்களூருவில் எங்கள் கிளைக்கு வரும் தமிழ் வாடிக்கையாளர் ஒருவர், பணி ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆனவர், அண்மையில் ஒரு வினாவுடன் வந்தார். "மகனும் மருமகளும் குதுரேமுக் சிகரத்துக்குப் போகிறார்கள். வழிகாட்டியோடு முழுநாள் மலையேற்றம், தலைக்கு நாலாயிரம் ரூபாய். என்னையும் கூப்பிடுகிறார்கள். போகலாமா சார், இல்லை வீண் செலவா?" என்று கேட்டார்.

அவருக்கு உடனே விடை கூற எங்களால் இயலவில்லை. அதே சிகரத்தை நோக்கி நாங்கள் ஆறு பேர் ஒரு முறை நடந்தோம். சிகரத்தைத் தொடாமலே திரும்பினோம். அந்த நாள் செலவுக்குத் தக்கதாக இருந்ததா என்று எங்களுக்குள்ளேயே பல மாதங்கள் விவாதித்தோம். அந்த விவாதத்தின் முடிவையே இங்கு எழுதுகிறோம். இது பயணக் கட்டுரை அன்று. பணம், நேரம், உடல்நலம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முதலீடு செய்யும் ஒரு முடிவைப் பற்றிய எங்கள் கருத்து மட்டுமே.

மலைக்கு எழுதப்பட்ட விலைகள்

குதுரேமுக் என்னும் கன்னடச் சொல்லுக்குக் குதிரை முகம் என்பது பொருள். ஒரு பக்கத்திலிருந்து நோக்குங்கால் மலையின் வடிவம் அவ்வாறு தோன்றுவதால் இப்பெயர் வந்தது. கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில், 1,890 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் இச்சிகரம் நிற்கிறது. அதனைச் சூழ்ந்த 600 சதுர கிலோமீட்டர் காடு 1987இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் இதுவும் ஒன்று.

வணிகவியல் பயின்ற எங்களுக்கு இம்மலையின் இன்னொரு வரலாறும் சுவையானது. இம்மலைகளில் இரும்புத் தாது உண்டு. அதனை வெட்டி ஏற்றுமதி செய்வதற்கென 1976இல் அரசு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. தாதுவை வாங்குவதாகவும் கடனுதவி செய்வதாகவும் ஈரான் ஒப்பந்தம் செய்திருந்தது. 1979இல் அந்நாட்டில் புரட்சி நிகழ, அந்தப் பணவரவு இடையில் நின்றுபோனது. ஆயினும் சுரங்கம் செயற்பட்டது. நீரில் கரைத்த தாதுக் குழம்பு 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே மங்களூருத் துறைமுகத்தை அடைந்தது. பின்னர் உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஆணைப்படி, 2005இன் இறுதியில் சுரங்கப் பணி முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் இம்மலையின் மதிப்பு டன் கணக்கில் எழுதப்பட்டது. அதன்பின் அது நீரின் கணக்குக்கு மாற்றி எழுதப்பட்டது எனலாம்.

நீரின் கணக்கு என்று நாம் சொல்வது அணிக்காக அன்று. துங்கா, பத்ரா, நேத்திராவதி ஆகிய மூன்று ஆறுகளும் இம்மலைத் தொடரில் உள்ள கங்கமூலா என்னுமிடத்தில் பிறக்கின்றன. முதலிரண்டும் கூடித் துங்கபத்ரையாகிக் கிருஷ்ணையுடன் கலந்து வங்கக் கடலை அடைகின்றன. நேத்திராவதி மேற்கே இறங்கி அரபிக்கடலைச் சேர்கிறது. மங்களூரு வீடுகளின் குழாய்களில் வருவதும் நேத்திராவதியின் நீரே. மலையின் சரிவுகளில் புல்வெளி பரந்திருக்க, அவற்றின் மடிப்புகளில் அடர்ந்த சிறு காடுகள் நிற்கின்றன. நாம் சோலை என்றழைக்கும் இவற்றையே ஆங்கில நூல்களும் நம் சொல்லைக் கடன் வாங்கி 'ஷோலா' என்று எழுதுகின்றன. மழைநீரை உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்த மாதங்களிலும் சிறிது சிறிதாக ஓடையில் விடுபவை இவைதாம். வைப்புநிதியின் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் மாதந்தோறும் தருவது போன்றது அந்த ஏற்பாடு.

இத்தகைய மலையில் ஒரு நாள் நடப்பதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதே வினா.

பணக் கணக்கும் நேரக் கணக்கும்

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மங்களூருவிலிருந்து வாடகை வண்டி, சம்சே ஊரருகே ஒரு வீட்டில் இரவுத் தங்கலும் உணவும், அங்கிருந்து முள்ளோடி என்னும் சிற்றூர் வரை ஜீப், வனத்துறை அனுமதிக் கட்டணம், வழிகாட்டிக்கான கூலி ஆகிய அனைத்தும் சேர்த்து எங்களுக்குத் தலைக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்று. இதில் அனுமதிக் கட்டணமும் வழிகாட்டியின் கூலியும் சேர்ந்து நான்கில் ஒரு பங்கைக் கூட எட்டவில்லை. எஞ்சியதெல்லாம் போக்குவரத்தும் தங்கலும் உணவுமே. ஆகவே "வழிகாட்டியை விட்டுவிட்டால் மலிவாகப் போய் வரலாம்" என்று கருதுவோர், மிகச் சிறிய செலவினத்தை வெட்டி மிகப் பெரிய பாதுகாப்பை இழக்கிறார்கள். மேலும், தேசியப் பூங்காவுக்குள் உரிய அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

பணத்தைவிடக் கவனமாகப் போடவேண்டியது நேரக் கணக்கு. பெரும்பாலானோர் இதனைப் போடுவதே இல்லை. சமவெளியில் ஒரு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், போக வர இருபது கிலோமீட்டர் என்றால் நான்கு மணி நேரம் என்று முடிவு கட்டிவிடுகிறார். மலையில் அக்கணக்கு செல்லாது. ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய விதியை வகுத்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனுடன் ஏறும் ஒவ்வோர் 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். முள்ளோடியிலிருந்து சிகரம் ஒரு வழி ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். ஏற்றம் தொள்ளாயிரம் மீட்டரை ஒட்டியது. எனவே தூரத்துக்கு இரண்டு மணி, ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, ஆக மூன்றரை மணி. இது பயிற்சியுள்ளவர் எங்கும் நில்லாமல் நடந்தால் ஆகும் நேரம். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நம்மைப் போன்றோர் இதனை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அப்போது ஏறுவதற்கு மட்டும் ஐந்தேகால் மணி நேரம் ஆகும். இறங்க மூன்றரை முதல் நான்கு மணி. இடையில் உணவுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி. ஆக மொத்தம் பத்து மணி நேரம். குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் நாட்டில், பத்து மணி நேரம் என்பது கையிருப்பு முழுவதையும் செலவழிப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது செலவு உடல். மலை ஏறும்போது மூச்சு வாங்கும். அது சற்று நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் முழங்கால் தேயும். தேய்மானத்தை ஆண்டிறுதியில் கணக்கெழுதும் நாம், நம் முழங்காலின் தேய்மானத்தை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.

முதல் முயற்சியில் கற்ற பாடம்

எங்கள் முதல் முயற்சி சோதனைச் சாவடியோடு முடிந்தது. அதனைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமே. கைப்பேசியில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பி, தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வீதம் ஓர் ஏற்பாட்டாளருக்கு முன்பணம் அனுப்பினோம். அனுமதி, வழிகாட்டி, உணவு யாவும் அடக்கம் என்றார். விடியற்காலையில் சாவடியை அடைந்தபோது, அன்றைய பட்டியலில் எங்கள் பெயர் ஒன்று கூட இல்லை. ஏற்பாட்டாளரின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. பணம் இன்றுவரை திரும்பவில்லை.

வாடிக்கையாளருக்கு நாள்தோறும் எச்சரிக்கை கூறும் நாங்களே, நிறுவனத்தின் கணக்கா தனியாள் கணக்கா என்று கூடப் பாராமல் பணம் அனுப்பியிருந்தோம். விடுமுறை மகிழ்ச்சியில் இருப்பவரிடம் எச்சரிக்கை உணர்வு குறைவு என்பதை ஏமாற்றுவோர் நன்கு அறிவர். எனவே வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். கர்நாடக வனத்துறை இன்று மலையேற்றங்களுக்கான முன்பதிவைத் தன் இணையதளத்திலேயே நடத்துகிறது. ஒரு நாளில் ஒரு பாதையில் இத்தனை பேர் என்னும் வரம்பும் உண்டு. பதிவு உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டை எண்ணுடன் இருக்கவேண்டும். அனுமதிச் சீட்டைக் கண்ணால் கண்ட பிறகே வேறு எவருக்கும் முன்பணம் செலுத்துக. ஒருவேளை ஏமாந்துவிட்டால் வெட்கத்தால் வாளாவிருந்துவிடாமல், உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கவும். நம் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்கவும். நாங்கள் வெட்கத்தால் மூன்று நாள் பேசாதிருந்தோம். அந்த மூன்று நாள்களில் அந்தக் கணக்கில் மீட்பதற்கு எதுவும் எஞ்சவில்லை.

பன்னிரண்டரை மணி

இரண்டாம் முறை முறையாகச் சென்றோம். டிசம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. எங்களுள் இளையவர் இருபத்தாறு வயதினர். மூத்தவர் ஐம்பத்தொன்பது வயதினர், அடுத்த மார்ச்சில் பணி ஓய்வு பெறவிருந்தவர். முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் ஒன்பது ஊர்களுக்கு மாற்றல் பெற்றவர். எந்த ஊரிலும் ஊரைச் சுற்றிப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை என்பார். ஓய்வுக்கு முன் இந்தச் சிகரத்தைப் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசையை எங்களுள் விதைத்தவரே அவர்தான்.

சாவடியில் பைகளைச் சோதித்து, ஞெகிழிப் பொருள்களைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டனர். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அவ்வூர் இளைஞர். புறப்படும் முன் அவர் ஒன்று கூறினார்: "பன்னிரண்டரை மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறோமோ, அந்த இடத்திலிருந்து திரும்புவோம். சிகரம் பத்தடி தூரத்தில் இருந்தாலும் சரி." நாங்கள் அனைவரும் தலையசைத்தோம். கடன் பத்திரத்தின் விதிகளைப் படிக்காமல் கையொப்பமிடும் வாடிக்கையாளர்களைப் போலத்தான் தலையசைத்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழேகாலுக்கு நடை தொடங்கியது. முதல் இரண்டு மணி நேரம் ஓடைகளும் சோலைகளும். அதன்பின் புல்வெளி திறந்தது. தனித்து நிற்கும் ஒரு மரத்தடியில் சிற்றுண்டி உண்டோம். அவ்வூரார் அதனை ஒண்டி மரம் என்றே அழைக்கின்றனர். எதிர்ச்சரிவில் காட்டெருமைகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. வழிகாட்டி கையைக் காட்டாதிருந்தால் அவற்றைப் பாறைகள் என்றே கடந்திருப்போம். அதற்குமேல் பாதை செங்குத்தானது. மூத்தவர் நூறு அடிக்கு ஒரு முறை நின்றார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் வலக்காலை ஊன்றும்போதெல்லாம் முகம் சுருங்கியது.

பன்னிரண்டரை மணிக்கு நாங்கள் ஒரு மலைமுகட்டில் இருந்தோம். சிகரம் கண்ணெதிரே தெரிந்தது. மேற்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியிருந்தது. எங்கள் நடையில் இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் ஆகும் என்றார் வழிகாட்டி. பின்னர் அமைதியாகத் தன் பையைத் தோளில் மாட்டி, கீழ்நோக்கித் திரும்பி நின்றார்.

அங்கே எங்களுக்குள் எழுந்த விவாதத்தை மறைக்க விரும்பவில்லை. இளையவர் இருவர் தங்களை மட்டும் மேலே விடுமாறு கேட்டனர். வழிகாட்டி ஒருவரே, குழுவைப் பிரிக்க அவர் இசையவில்லை. "ஒரு முறை ஏமாந்து, இரண்டாம் முறை இவ்வளவு செலவழித்து வந்து, இதோ தெரிவதைத் தொடாமல் திரும்புவதா?" என்றார் ஒருவர். மூத்தவர் தாம் ஒரு பாறையில் அமர்ந்து காத்திருப்பதாகவும், மற்றவர் சென்று வரலாம் என்றும் கூறினார். தம்மால் பிறர் இழக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். அச்சொல்லே எங்களை நிறுத்தியது. மூடுபனி ஏறும் காட்டில், கால் வலிக்கும் ஒருவரைத் தனியே அமர்த்திவிட்டுச் சென்று எடுக்கும் புகைப்படத்தை நாளை எந்த முகத்தோடு அவருக்குக் காட்டுவது?

வணிகவியல் வகுப்பில் 'மூழ்கிய செலவு' என்று ஒரு பாடம் உண்டு. முன்பே செலவாகிவிட்ட, எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராத பணத்தை அடுத்த முடிவுக்குக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் பெற்றவர்கள் எங்களுள் மூவர். எனினும் அந்த முகட்டில் நின்றபோது, செலவழித்த மூவாயிரத்து இருநூறு ரூபாயும் ஐந்து மணி நேர வியர்வையும் எங்களை மேலே தள்ளிக்கொண்டுதான் இருந்தன. நட்டத்தில் இயங்கும் தொழிலில் மேலும் மேலும் பணம் போடும் வாடிக்கையாளரின் மனநிலையை அன்றுதான் உள்ளிருந்து அறிந்தோம்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆறு பேரும் இறங்கத் தொடங்கினோம். ஒண்டி மரத்தை அடையுமுன்பே மூத்தவரின் வலது முழங்கால் மடங்க மறுத்தது. வழிகாட்டி தன் தடியை அவருக்குக் கொடுத்தார். சரிவான இடங்களில் தோள் கொடுத்தார். அவருடைய பையை இளையவர்கள் இருவரும் மாறி மாறிச் சுமந்தனர். மேலே போகவேண்டும் என்று கேட்டவர்கள் அவர்களே. மூன்றரை மணி நேரம் என்று நாங்கள் கணித்திருந்த இறக்கம் ஐந்து மணி இருபது நிமிடம் ஆயிற்று. முள்ளோடியை அடைந்தபோது மணி ஆறு ஐந்து. கடைசிக் கால் மணி நேரம் அரையிருளில் நடந்தோம்.

அன்றிரவு தங்கிய வீட்டில் காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டோம். மேலே சென்றிருந்தால் சிகரத்தை இரண்டு ஐந்துக்கு அடைந்திருப்போம். கால் மணி நேரம் தங்கி, ஒரு மணியில் அதே முகட்டுக்கு இறங்கியிருந்தால் மணி மூன்று இருபது. அங்கிருந்து ஐந்து மணி இருபது நிமிடம். ஆக, இரவு எட்டு நாற்பது வரை கரடியும் காட்டெருமையும் நடமாடும் காட்டில் இருந்திருப்போம். ஆறு பேருக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தவை இரண்டு கைவிளக்குகள். காகிதத்தை யாரும் கிழித்தெறியவில்லை. மூத்தவர் அதனை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வழிகாட்டிக்கு எதற்காகப் பணம் தருகிறோம்?

பாதை காட்டுவதற்கு என்று பலர் நினைக்கின்றனர். பாதை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. நாம் பணம் கொடுப்பது, பன்னிரண்டரை மணிக்கு "போதும்" என்று சொல்லும் ஒருவருக்கு. நம் ஆசையின் மீது பற்றில்லாத, நம் செலவினால் கலங்காத ஒரு மனிதரின் தீர்ப்பை விலைக்கு வாங்குகிறோம். வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பரிந்துரைக்கும் அலுவலர் ஒருவர், அதற்கு ஒப்புதல் தருபவர் மற்றொருவர். அந்தப் பிரிவு எதற்காகவோ, அதற்காகவே மலையிலும் வழிகாட்டி தேவைப்படுகிறார்.

ஆனால் வழிகாட்டி என்ற பெயரில் எவர் வந்தாலும் போதும் என்பதன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேறச் சென்ற குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்கள் தனியே சென்றவர்கள் அல்லர். குழுவாக அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அதன்பின் அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. அந்தப் பருவத்தில் அந்தக் காட்டின் நிலை என்ன, எந்தப் பாதைக்கு அனுமதி உண்டு, ஆபத்து வந்தால் எப்பக்கம் இறங்கவேண்டும் என்பவற்றை அறிந்தவரே வழிகாட்டி. நகரத்திலிருந்து நாற்பது பேரைப் பேருந்தில் அழைத்துவருபவர் நல்ல ஏற்பாட்டாளராக இருக்கலாம். அதனால் மட்டும் அவர் வழிகாட்டியாகிவிட மாட்டார். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, அவர் அவ்வூரைச் சேர்ந்தவரா, திரும்பும் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பாரா ஆகிய மூன்று வினாக்களையும் பணம் செலுத்தும் முன் கேட்டுவிடுக.

அவ்வூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலிக்கு இன்னொரு பயனும் உண்டு. பூங்காவின் ஓரத்தில் வாழும் குடும்பங்களுக்குக் காட்டின் கட்டுப்பாடுகள் பல. அந்தக் காடு நிலைத்திருப்பதால் அவர்களுக்கும் ஒரு வருவாய் உண்டு என்னும் நிலையை இத்தொழில் உண்டாக்குகிறது. நம் குழாயில் நேத்திராவதி நீர் வருவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

காப்பீடு பற்றி ஒரு சொல்

பயணத்துக்கு முன் உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள். சாகச விளையாட்டுகளை விலக்கும் விதி பல பத்திரங்களில் உண்டு. மலையேற்றம் அதில் அடங்குமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று. பிரதமரின் பாதுகாப்புக் காப்பீட்டுத் திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்தினால் மரணமோ முழுமையான நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். ஆயின் இது மருத்துவமனைச் செலவுக்கானது அன்று என்பதை நினைவிற் கொள்க. மூத்தவரின் முழங்காலுக்கு ஆன சிகிச்சைச் செலவு, எங்கள் ஆறு பேரின் பயணச் செலவையும் கூட்டினால் வரும் தொகையை எட்டியது.

எங்கள் முடிவு

தக்கதா, தகாததா? எங்கள் விடை, தக்கது என்பதே. ஆனால் அது நிபந்தனைகளுடன் கூடிய ஒப்புதல்.

சிகரத்தைத் தொடுவதே நோக்கம் என்றால் தக்கதன்று. மூடுபனி, மழை, உடன்வருபவரின் கால் ஆகியவற்றுள் எதுவும் அந்த ஒன்றைத் தட்டிப் பறித்துவிடலாம். ஒரே ஒரு பயனை நம்பிச் செய்யும் முதலீட்டை எந்த அலுவலரும் பரிந்துரைக்க மாட்டார். பயிற்சியின்றிச் செல்வதாயின் தக்கதன்று. ஆறு வாரமாவது மாடிப்படி ஏறி இறங்கி, இருபது கிலோமீட்டர் நடையைச் சமவெளியில் ஒரு முறையேனும் முடித்துப் பார்க்கவேண்டும். நாங்கள் அதனைச் செய்யவில்லை. மூத்தவர் கேட்டபோதெல்லாம் "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றோம். அது எங்கள் தவறு. அவருடைய முழங்காலுக்கு மலையைவிட நாங்களே பொறுப்பு. இதய நோயோ மூட்டுத் தேய்வோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புறப்படுவதும் தகாது. அவர்கள் கார்க்களாவிலிருந்து கலசா செல்லும் சாலையில் வண்டியிலேயே சென்று, அதே புல்வெளியையும் சோலையையும் கண்டு திரும்பலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

இவை யாவும் சரியாயின், செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் தக்கதே. சிகரம் கிட்டாத எங்களுக்கும் அந்த நாளில் கிட்டியவை உண்டு. பகல் முழுதும் யார் கைப்பேசியும் ஒலிக்கவில்லை. பத்தாண்டு பக்கத்து இருக்கையில் அமர்ந்தும் அறியாத செய்திகளை ஒருவர்க்கொருவர் அறிந்தோம். அடுத்தவரின் நடைக்கு ஏற்ப நம் நடையைக் குறைத்துக்கொள்ளப் பழகினோம். கிளையில் கடுஞ்சொல் வரும் வேளைகளில் அந்த இறக்கம் இன்றும் எங்களுக்கு நினைவு வருகிறது.

மூத்தவர் மார்ச்சில் ஓய்வு பெற்றார். இளையவர்கள் இருவரும் அடுத்த நவம்பரில் மீண்டும் சென்று, பதினொன்று ஐம்பதுக்குச் சிகரத்தை அடைந்தனர். அங்கிருந்து எடுத்த படத்தை அவருக்கு அனுப்புவதா என்று எங்களிடம் தயங்கிக் கேட்டனர். அனுப்பச் சொன்னோம். "மூடுபனி இல்லையே, நல்லது" என்று மட்டும் அவர் பதில் எழுதினார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. இருந்திருக்கலாம். எல்லாச் சரியான முடிவும் வருத்தமின்றி முடிவதில்லை.

நாலாயிரம் ரூபாய் வினாவுடன் வந்த வாடிக்கையாளருக்கு இவை அனைத்தையும் சொன்னோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பத்து பத்துக் கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முழங்கால் ஒப்புதல் தந்தால் மகனோடு செல்லுங்கள். திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே மகனிடம் சொல்லி, அதனை அவர் வாயால் திருப்பிச் சொல்லக் கேளுங்கள் என்றோம். அவர் இன்னும் முன்பதிவு செய்யவில்லை. ஆயினும் காலையில் கத்ரி பூங்காவில் நடக்கத் தொடங்கியிருப்பதாகச் சென்ற வாரம் கிளைக்கு வந்தபோது கூறினார்.